தாளிச்சாவில் எலும்பு இருந்த காலம்

கல்யாண வீட்டில் ஆடு அறுத்தால் சதை கறிக்குப் போகும், எலும்பும் கொழுப்பும் தாளிச்சா என்னும் பருப்புக் குழம்புக்குப் போகும். நாகூர், கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், கீழக்கரை என்று தஞ்சை, ராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் விருந்துச் சமையல் நெடுங்காலம் இந்தக் கணக்கில்தான் நடந்தது. ஊருக்கு ஊர் காய் மாறும். ஒரு வீட்டில் தேங்காய் அரைத்து விடுவார்கள், இன்னொரு வீட்டில் தேங்காய்ப்பால் ஊற்றுவார்கள். மிளகாய் கொஞ்சம் கூடும், குறையும். ஆனால் எலும்பு போடாமல் தாளிச்சா ஆக்கினார்கள் என்று அந்த விருந்துகளில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

இன்று பல ஊர்ப் பிரியாணிக் கடைகளில் உட்கார்ந்தால் சின்னக் கிண்ணத்தில் தாளிச்சா வந்துவிடும். பருப்பு இருக்கும், கத்தரிக்காய் இருக்கும், சில இடங்களில் மாங்காய்த் துண்டும் இருக்கும். எலும்பு இருக்காது. இன்னொரு கிண்ணம் கேட்டால் காசில்லாமல் ஊற்றுவார்கள். தாளிச்சாவை அறியாத வீடே இல்லை என்னும் அளவுக்கு அது பரவிய அதே காலத்தில், அதைத் தாளிச்சாவாக்கிய பொருள் அதிலிருந்து கழன்றுவிட்டது. இதில் எனக்கு வருத்தம் உண்டு. அந்த எலும்பு எங்கே போனது என்று தேடிப் பார்த்தால், நாம் உண்ணும் முறையே எப்படி மாறியிருக்கிறது என்பதும் தெரிகிறது.

அன்றைய சமையலை முதலில் சொல்கிறேன். விருந்துச் சமையல்காரருக்குப் பண்டாரி என்று பெயர். கல்யாணத்துக்கு முதல்நாள் மாலையே கொல்லையில் குழி வெட்டி, செங்கல் அடுக்கி அடுப்பு போட்டுவிடுவார். புளிய விறகும் சவுக்கு விறகும் வந்து இறங்கும். சாமம் கழிந்து எலும்பு ஏறும். தேக்சா என்னும் பெரிய பாத்திரத்தில் தண்ணீரைத் தாராளமாக விட்டு, மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது, பட்டை, கிராம்பு போட்டுக் கொதிக்கவிடுவார்கள். முதல் கொதியில் மேலே சாம்பல் நிறத்தில் நுரை கட்டும். அதை அகப்பையால் வழித்து எறிந்துவிட்டு விறகை இழுத்துத் தீயைக் குறைப்பார்கள். அப்புறம் இரண்டு மூன்று மணி நேரம் அதன்பாட்டுக்கு அது கிடக்கும். எலும்பைச் சுற்றிய சவ்வும் மூட்டுக் குருத்தும் கரைந்து தண்ணீருக்கு ஒரு பிசுபிசுப்பு வரும். இரண்டு விரலுக்கு நடுவே வைத்துப் பிரித்தால் ஒட்டிக்கொண்டு பிரியும். தாளிச்சாவின் கெட்டிப்பில் பாதி இந்தச் சாற்றிலிருந்து வருவது, மீதிதான் பருப்பு தருவது. கடைக் கிண்ணத்துத் தாளிச்சா ஆறியதும் நீர் வேறு, பருப்பு வேறாகப் பிரிந்து நிற்பதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. எலும்புச் சாறு சேர்ந்த தாளிச்சா ஆற ஆற இறுகும், பிரியாது.

பருப்பு பக்கத்து அடுப்பில் வேகும். துவரம்பருப்புதான் பெரும்பாலும், சிலர் கடலைப்பருப்பும் கொஞ்சம் சேர்ப்பார்கள். குழைந்ததும் கடைந்து எலும்புச் சாற்றில் கரைப்பார்கள். வெங்காயம், தக்காளி, மல்லித்தூள், மிளகாய்த்தூள் வதக்கிய மசாலா அதில் இறங்கும். பிறகு காய்கள் முறைவைத்துப் போகும். வாழைக்காய், உருளைக்கிழங்கு முதலில், அடுத்து பெரிய பெரிய துண்டுகளாகச் சுரைக்காய், அப்புறம் முருங்கைக்காய். கத்தரிக்காயைக் காம்பு கிள்ளாமல் நாலாகக் கீறி முழுசாகப் போடுவார்கள். அதுவும் வெந்தபிறகுதான் மாங்காய், கடைசியில் புளிக்கரைசல்.

இந்த வரிசையில் பண்டாரி விட்டுக்கொடுக்கவே மாட்டார். கைக்கு உதவியாக வந்த பையன் புளிச்சட்டியைத் தூக்கினால் உடனே சத்தம் வரும்: “தம்பி, இருப்பா. காய் வேகட்டும். இப்ப ஊத்துனா கத்தரிக்கா வெறச்சுக்கும்.” புளிப்பு ஏறிய நீரில் காயின் நார் இளகாமல் நின்றுவிடும், பருப்பும் அதற்குமேல் குழையாது. வேதியியல் படித்தவர் இதைப் பெக்டின், அமிலம் என்று விளக்குவார். பண்டாரிக்கு அது கை கண்ட பாடம். எல்லாம் சேர்ந்து கொதித்தபிறகு, ஆட்டுக்கொழுப்பை உருக்கி அந்த நெய்யிலேயே சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து மேலே கொட்டி மூடுவார்கள். அந்த வாசம் தெருமுனை வரை போகும்.

இந்த ஒரு சட்டியில் இரண்டு சமையல் வழக்கங்கள் கலந்திருக்கின்றன. கறியையும் பயறையும் ஒன்றாகப் போட்டு நீண்டநேரம் வேகவைப்பது பாரசீகத்தில் பழைய முறை. அங்கே ஆப்கோஷ்த் என்ற ஆணம், அதாவது குழம்பு, உண்டு: எலும்போடு கூடிய ஆட்டுக்கறி, கொண்டைக்கடலை, புளிப்புக்கு உலர்ந்த எலுமிச்சை. பட்டை கிராம்பு மணமும் இஞ்சி பூண்டு விழுதுமாக ஆகும் தக்காணத்துச் சமையலில் அந்த முறையின் சாயல் தெரியும். ஐதராபாத்தில் கடலைப்பருப்பும் சுரைக்காயும் புளியும் சேர்த்துக் கறியோடு ஆக்கும் தால்ச்சா உண்டு. பகாரா சோற்றுக்கு அதுதான் துணை. தமிழ்க் கரையில் அதே சட்டிக்குள் நம்முடைய குழம்பு முழுசாக இறங்கிவிட்டது. துவரம்பருப்பு, புளி, முருங்கைக்காய், கத்தரிக்காய், தேங்காய், கடைசித் தாளிப்பு எல்லாமே நம் வீட்டுச் சாம்பாருக்கு உரியவை. வாயில் வைத்தால் எது எந்தப் பக்கத்தது என்று பிரித்துச் சொல்ல வராது. மிளகாய் போர்ச்சுகீசியர் வழியாக 16-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது. தக்காளியும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள்தான். ஆகவே நாம் ‘பழைய’ தாளிச்சா என்று சொல்வதும் வந்ததையெல்லாம் சேர்த்துக்கொண்டு வளர்ந்த ஒன்றுதான். சேர்வதைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. என் குறை கழன்றுபோனதைப் பற்றி.

இதே குடும்பத்தில் பார்சிகளின் தன்சாக்கும் உண்டு. ஈரானிய முறையும் குஜராத்திச் சமையலும் கலந்த பதார்த்தம். பல பருப்புகள், பூசணி, கத்தரிக்காய், ஆட்டுக்கறி. ஆனால் அதற்குரிய நாள் வேறு. ஒரு வீட்டில் மரணம் நேர்ந்தால் மூன்று நாள் கறி சமைக்காமல் இருந்து நான்காம் நாள் தன்சாக் ஆக்குவது பார்சி வழக்கம். அதனாலேயே சுபகாரியத்தில் அதைச் சமைக்க மாட்டார்கள். மற்றபடி மும்பைப் பார்சி வீடுகளில் அது ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு. நம் கரையிலோ தாளிச்சா இல்லாமல் வலிமா என்னும் கல்யாண விருந்து இல்லை.

இனி மாற்றத்துக்கு வருகிறேன். முதல் மாற்றம் பாத்திரத்தில் வந்தது, அது நல்லதும்கூட. அன்றைய தேக்சாக்கள் செம்பில் செய்தவை. புளி பட்டால் செம்பு களிம்பேறும், சாப்பாடு கெடும். அதனால் உள்ளே ஈயம் பூச வேண்டும். ஈயம் பூசுகிறவர் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருவார். கல்யாணத்துக்குச் சில நாள் முன்பாகவே அவரைப் பிடித்துவைப்பார்கள். பாத்திரத்தைத் தணலில் சுடவைத்து, நவச்சாரத் தூளைத் தூவி, பஞ்சால் ஓர் இழுப்பு இழுப்பார். வெள்ளைப் புகை குபுகுபுவென்று எழும்பும். அந்தப் புகை அடங்குமுன் ஈயத்தை உருக்கித் தேய்த்தால் கறுத்துக் கிடந்த உள்வயிறு கண்ணாடியாக மின்னும். பூச்சு சரியில்லாத பாத்திரத்தில் தாளிச்சா வைத்தால் விருந்துக்கு வந்தவர்கள் வயிற்றுக்கு ஆகாது. இன்று அலுமினியமும் எவர்சில்வரும் வாடகைக்குக் கிடைக்கின்றன. அந்தக் கைத்தொழிலும் அரிதாகிவிட்டது. அந்தத் தொழிலாளியை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் தாளிச்சாவுக்கு இதனால் நட்டமில்லை. விறகு போய் கேஸ் அடுப்பு வந்ததையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். புகையில் கண் எரிந்து இரவெல்லாம் நின்றவர்களைக் கண்டவர் யாரும் விறகுக்குத் திரும்பச் சொல்ல மாட்டார்.

வீட்டுச் சமையலில் பிரஷர் குக்கர் செய்த உபகாரம் பெரிது. மூடிய குக்கருக்குள் சூடு ஏறத்தாழ 120 டிகிரி வரை போகிறது. திறந்த சட்டியில் மூன்று மணி நேரம் கேட்கும் எலும்பு அங்கே முக்கால் மணியில் சாறு விட்டுவிடும். முன்பெல்லாம் விருந்தில் மட்டும் கிடைத்த தாளிச்சாவை வேலைக்குப் போகும் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஆக்கி இறக்குகிறார்கள். எலும்பைக் குக்கரில் வேகவைத்து, மூடியைத் திறந்தபிறகு காயைப் போடுகிறவர்கள் வீட்டில் தாளிச்சா தாளிச்சாவாகவே இருக்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி ஆறு விசில் விட்டால் கத்தரிக்காயைத் தேட வேண்டியிருக்கும்.

எலும்பு கழன்ற கதை பிரியாணியில் தொடங்குகிறது. இந்த ஊர்களில் விருந்துச் சோறு என்றால் முன்பு நெய்ச்சோறுதான் முதன்மை. பிரியாணி எல்லா வீட்டுக்கும் எல்லாக் கல்யாணத்துக்கும் வந்தது பின்னால். நெய்ச்சோற்றில் கறி கிடையாது. அரிசி, நெய், பட்டை, ஏலம், முந்திரி, அவ்வளவுதான். கறியின் ருசி முழுவதும் பக்கத்து ஆணங்களிலிருந்துதான் வரவேண்டும். கறியாணம் ஒன்று, தாளிச்சா ஒன்று. ஆகவே தாளிச்சா திடமாக, எலும்பும் கொழுப்புமாக நின்றது. பிரியாணி அப்படியல்ல. எலும்போடு வெட்டிய கறி சோற்றுக்குள்ளேயே போய்விடுகிறது. பக்கத்தில் வருவது சோற்றை நனைக்க ஏதோ ஒன்று என்ற இடத்துக்கு இறங்கிவிட்டது. பழைய வேலூர் ஜில்லாப் பக்கம் பிரியாணிக்குத் துணை எப்போதும் கத்தரிக்காய்தான். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பருப்பில்லாமல் புளிப்பும் எண்ணெயுமாகக் கத்தரிக்காயை ஆக்கிவைப்பார்கள். வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்கத்தரிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே பிரியாணியும் கத்தரிக்காயும் ஜோடியாகவே வளர்ந்தவை. நம் பக்கத்திலோ நெய்ச்சோற்றுக்கு உரிய துணையைப் பிரியாணிக்குக் கட்டிவைத்தோம். சோற்றில் கறி கூடியது, ஆணத்தில் கறி குறைந்தது.

இரண்டாவது காரணம் ஆடு வாங்கும் முறை. கல்யாண வீட்டில் ஆட்டை முழுசாக வாங்கி அறுக்கும்போது தோலிலிருந்து குடல் வரை எல்லாவற்றுக்கும் ஒரு வழி சொல்லியாக வேண்டும். குடல் வேலை செய்கிறவர்களின் இரவுச் சாப்பாட்டுக்கு ஆகும். தலைக்கறி வீட்டாருக்கு. எலும்பு தாளிச்சாவுக்கு. ஒன்றும் வீணாகாது என்பதோடு, பெருஞ்செலவு செய்கிற நாளில் ஒரு சிக்கனமும் தானாக வந்து சேர்ந்தது. இன்று கல்யாணம் மண்டபத்தில் நடக்கிறது. படி பிரியாணி இவ்வளவு என்று கேட்டரிங்காரர் விலை சொல்கிறார். அவர் கறியைக் கிலோக் கணக்கில் வெட்டிவாங்குகிறார். அவருக்கு எலும்பு தனிச் செலவு. எலும்பின் விலையும் முன்போல இல்லை. நெஞ்செலும்பு சூப்புக்கென்று தனியாக விற்கிறது. நல்லி எலும்பு உணவக அட்டையில் தனி வரி பிடித்து, நல்லி பிரியாணி என்று கறி பிரியாணியைவிட உயர்ந்த விலைக்குப் போகிறது. தாளிச்சாச் சட்டியில் கேட்பாரற்றுக் கிடந்த பொருள் அது.

மூன்றாவது காரணம் உட்காரும் முறை. அன்று ஜமுக்காளம் விரித்து, சஹன் என்னும் ஒரு பெரிய தட்டைச் சுற்றி நான்கைந்து பேர் உட்கார்ந்து அதிலேயே சாப்பிட்டார்கள். நடுவே சோறு, பக்கத்தில் கிண்ணங்களில் ஆணம். எலும்பு வந்தால் சஹனில் மூத்தவர் அதைத் தட்டி மஜ்ஜையை உதிர்த்து, உடன் உட்கார்ந்த சின்னப் பிள்ளையின் பக்கம் தள்ளிவிடுவார். “உறிஞ்சுடா” என்பார். எலும்பை உறிஞ்சும் சத்தத்துக்கு யாரும் வெட்கப்படவில்லை. இன்று நாற்காலி, மேசை, தனித்தனித் தட்டு, சில இடங்களில் கரண்டி. பட்டு உடுத்தி, எதிரே முன்பின் தெரியாதவர் உட்கார்ந்திருக்க, எலும்பைக் கையில் எடுக்கக் கூச்சம் வருகிறது. எடுக்காத எலும்பு தட்டில் மிஞ்சுகிறது. மிஞ்சுவதைப் பார்த்த கேட்டரிங்காரர் அடுத்த விருந்தில் குறைக்கிறார். இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. சஹன் இன்னும் நடக்கிற ஊர்களில் தாளிச்சாவில் எலும்பு இன்னும் கிடக்கிறது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

எலும்பு போனதால் ஒரு நன்மையும் வந்தது, அதையும் சொல்ல வேண்டும். கறி உண்ணாத அக்கம்பக்கத்தார் விருந்துக்கு வந்தால் முன்பு அவர்களுக்கென்று எங்கிருந்தாவது இலைச்சாப்பாடு வாங்கித்தர வேண்டியிருந்தது. இன்று அதே பந்தியில் காய்ப் பிரியாணியும் காய்த் தாளிச்சாவும் தனிச் சட்டியில் ஆகின்றன. அந்தத் தாளிச்சாவை நன்றாகவும் ஆக்கலாம். எலும்பின் பிசுபிசுப்புக்கு ஈடாகக் கடலைப்பருப்பைக் கூட்டி, தேங்காய்ப்பாலைக் கெட்டியாக ஊற்றி, மாங்காயை விட்டுவிடாமல் போட்டால் அதற்கென்று ஒரு ருசி வந்துவிடும். ஆனால் அதைத் தனிப் பதார்த்தமாக மதித்துச் செய்ய வேண்டும். கறிச்சட்டித் தாளிச்சாவிலிருந்து கறியை மட்டும் எடுத்துவிட்டுப் பழைய பெயரிலேயே ஊற்றும்போதுதான் இரண்டுமே கெட்டுப்போகின்றன.

கடல் தாண்டிப் போன தாளிச்சாவின் கதி வேறு. பினாங்கில் தோளில் காவடித் தண்டு சுமந்து சோறும் ஆணமும் விற்ற தமிழ் முஸ்லிம்களிடமிருந்துதான் நாசி கண்டார் என்ற சாப்பாடே பிறந்தது. அந்தக் கைகளோடு போன தாளிச்சா இன்று மலாய் வீடுகளிலும் ‘டால்சா’ என்று அவர்களுடைய பதார்த்தமாகவே ஆகிவிட்டது. மலாய்க் கல்யாணங்களில் நாசி மின்யாக் என்னும் நெய்ச்சோற்றுக்கு அதுதான் துணை. காய்கள் மாறிப்போயின. கேரட்டும் நீட்டுப் பயற்றங்காயும் சேர்ந்துகொண்டன. உருளைக்கிழங்கும் கத்தரிக்காயும் நிலைத்தன. ஆனால் எலும்பு போட்ட டால்சா அங்கே தனியாகப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிற பதார்த்தம். காரணம் புரியாததல்ல. அங்கே அது நெய்ச்சோற்றை விட்டுப் பிரியவில்லை. சோற்றில் கறி இல்லாதவரை ஆணத்தில் கறி இருந்தே ஆக வேண்டும்.

நம் ஊரில் பழைய கணக்கு இன்னும் மாறாமல் இருப்பது ஹஜ்ஜுப் பெருநாளில். குர்பானியாக அறுத்த ஆடு முழுசாக வீட்டுக்கு வருகிறது. தனக்கு, உறவுக்கு, ஏழைக்கு என்று மூன்று பங்கு பிரிக்கும்போது எலும்பும் சதையும் கலந்தே போகிறது. எலும்பை வேண்டாம் என்று தள்ள வழியில்லை. முன்பு மிஞ்சிய கறிக்கு மஞ்சளும் உப்பும் தடவி நூலில் கோத்து வெயிலில் காயப்போட்டு உப்புக்கண்டமாக்கி, பிறகு பல நாளைக்குப் பருப்பிலும் கத்தரிக்காயிலும் போட்டு ஆக்கினார்கள். இன்று ஃப்ரீசர் அந்த வேலையைச் செய்கிறது. பெருநாளுக்கு மறுநாள் இந்தத் தெருக்களில் நடந்தால் வீட்டுக்கு வீடு தாளிச்சா வாசம்தான். இன்று இருபது வயதில் இருக்கிற பிள்ளைகள் பலருக்கு எலும்பு போட்ட தாளிச்சா என்றால் பெருநாள் தாளிச்சாதான். மண்டபத்துத் தாளிச்சா அவர்கள் கணக்கில் வேறு.

பெருநாளில் நடக்கிற இதை வலிமாவிலும் நடத்தலாம். கேட்டரிங்காரரிடம் பேசும்போது பிரியாணிக் கணக்கு முடிந்ததும் தாளிச்சாவுக்கென்று எலும்பும் கொழுப்பும் தனியாகச் சொல்லுங்கள். அதற்குரிய காசையும் கொடுங்கள். ஒரு வேளைக்காவது பிரியாணியை விட்டு நெய்ச்சோறு போடுங்கள். எலும்பை முதல்நாள் இரவே ஏற்றச் சொல்லுங்கள். புளி எப்போது ஊற்றுவது என்று பண்டாரிக்குச் சொல்லித்தர வேண்டாம், அது அவருக்குத் தெரியும்.